நட்சத்திரக் குறி இருந்த கட்டம்

எங்கள் ஆபீஸில் அவளுக்குக் கோட்டம்மா என்று பெயர் வைத்தவன் நான்தான். போர், கலவரம் என்று வீட்டைவிட்டு ஓடியவர்களில் எந்த ஊர்க்காரர்கள் எந்த நாட்டில் எத்தனை பேர், போன வருஷம் எத்தனை, அதற்கு முந்தின வருஷம் எத்தனை என்று அட்டவணை போட்டுக் கோடு வரைவது அவள் வேலை. அதை அந்தந்த நாடு அனுப்பும் மூலக் கோப்போடு வைத்துச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு இலக்கம் பிசகினாலும் சும்மா விடமாட்டேன்; என் வாயைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதினொரு வருஷத்தில் அவளிடம் கத்த எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

அவளும் அப்படி ஓடி வந்தவள்தான். இந்த நாட்டின் கட்டத்தைக் காட்டி, "இந்தப் பன்னெண்டாயிரத்துல நானும் ஒருத்திண்ணே, மரியாதையா கூட்டுங்க" என்பாள். குடியுரிமை கிடைத்த வருஷம் தன்னைத் தானே கழித்துவிட்டு, ஆபீஸ் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தாள்.

அவள் தம்பி வேறு திசையில் ஓடினான். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஒரு குட்டித் தீவு நாட்டில் ஒதுங்கினான். அவர்கள் ஊர்க்காரர்கள் என்று அங்கே இருந்தது அந்த நாலு பேர்தான். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒன்றிலிருந்து நாலு பேர் வரை இருந்தால் எண்ணைப் போடக் கூடாது, ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போடுவோம். கூட்டுத்தொகையிலும் அது சேராது. ஒருவருமே இல்லையென்றால்தான் பூஜ்யம். வருஷா வருஷம் கோப்பு வந்ததும் லட்சங்களையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கட்டத்துக்குத்தான் முதலில் போவாள். "இருக்கான்ணே" என்று சிரித்துவிட்டு வேலையைத் தொடங்குவாள்.

இந்த வருஷம் தம்பியின் போன் இரண்டு மாதமாகச் சுவிட்ச் ஆஃப். கோப்பு வந்தது. கட்டத்தில் பூஜ்யம்.

குடியுரிமை கொடுத்திருக்கலாம். திருப்பி அனுப்பியிருக்கலாம். படகேறிப் போயிருக்கலாம். அதற்கு மேல் நான் பட்டியல் போடவில்லை. பக்கத்து நாடுகளில் எங்காவது நாலு கூடியிருக்கிறதா என்று அவள் தேடினாள். அவையெல்லாம் ஆயிரக்கணக்கில் தோராயமாக எண் அனுப்புகிறவை. நாலு பேர் எங்கே தெரிவார்கள்? தீவு நாட்டு ஆபீஸுக்கு எழுதினாள். தனிநபர் விவரம் தருவதற்கில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. எழுதியவனின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. ஆனால் போன வருஷம் யாரோ ஒரு அம்மா மகனைக் கேட்டு எழுதியபோது, அதே இரண்டு வரியை அனுப்பியவன் நான்.

அச்சுக்குப் போகும் நாளில் அட்டவணையைச் சரிபார்த்தேன். அந்தக் கட்டத்தில் நட்சத்திரம் இருந்தது.

"கோட்டம்மா, மூலத்துல இது பூஜ்யம்."

"தெரியும்ணே."

"தெரிஞ்சேவா போட்ட?"

"மூணு தடவ பூஜ்யம் அடிச்சேன், மூணு தடவயும் அழிச்சிட்டேன். கை வர மாட்டேங்குது. நீங்களே போட்டுடுங்கண்ணே."

வேறு யாராவது என்றால் கத்தித் தீர்த்திருப்பேன். இந்த ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல நாக்குநுனி வரை வந்தது. ஆனாலும் அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வழக்கம்போல மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு இலக்கம்கூட மாறவில்லை.