வண்டிக்குக் கேட்காத தூரம்

கே.கே. நகரில் கல்யாணங்களுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவள் நான். அண்டா, குண்டான், சாப்பாட்டு மேஜை என்று எல்லாவற்றையும் சுமந்து திரிந்த எங்கள் பழைய லோடு வண்டி, போன ஐப்பசியில் மூன்றாவது தடவையாக நடுரோட்டில் நின்றது. இனி இதைக் கட்டி மாரடிக்க முடியாது என்று முடிவெடுத்தேன். தை பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசை கட்டி வரும். அதற்குள் புது வண்டி வந்தாக வேண்டும்.

இதைச் சொன்னதும் என் டிரைவர் கேட்ட முதல் கேள்வி:

"புது வண்டி வந்தாலும் ஓட்டுறது நாந்தானக்கா?"

"பின்னே, நானா ஓட்டப் போறேன்?" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். கடை திறந்த நாளிலிருந்து அவர்தான் ஓட்டுகிறார். என்னைவிட மூன்று வயது இளையவர், ஐம்பதைத் தாண்டியாயிற்று. இந்த வேலையைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை.

கடைசியில் இரண்டு வண்டிகள் போட்டிக்கு நின்றன. ஒன்று பெரிய டீசல் வண்டி, இன்னொன்று சின்ன பெட்ரோல் வண்டி. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். யூடியூபில் பத்து வீடியோ பார்த்து, கட்டம் போட்டு, இரண்டுக்கும் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி மார்க் போட்டார். பெரியது முதல் வகுப்பில் தேறியது. சின்னது ஏதோ பாஸானது. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. தினமும் ஓட்டுகிறவர்களைக் கேட்டால்தானே எது எத்தனை வருடம் தாங்கும், எது செலவு வைக்கும் என்று தெரியும்?

ஒரு நாள் டிரைவரையும் கூட்டிக்கொண்டு மேலூருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லோடு வண்டிகள் வரிசையாக நின்றன. பெரிய வண்டிக்காரர் ஒருவர் தன் வண்டி மேல் சாய்ந்தபடி, "ஒரு கொறையும் இல்லக்கா, தங்கமான வண்டி" என்றார். அடுத்து நின்ற சின்ன வண்டிக்காரரும் தங்கம் என்றார். அதற்கடுத்தவரும் தங்கம். நகைக்கடைத் தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

டிரைவர் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "யக்கா, வண்டி பக்கத்துல நின்னு கேட்டா எவன் சொல்லுவான்? அது காதுல விழுந்தா கோவிச்சுக்கிட்டுப் பாதி வழியில நின்னுரும். டீக்கடைக்குக் கூப்புடுங்க."

"இரும்புக்கு ஏதுய்யா காது?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

ரோட்டைத் தாண்டியதும் அந்தப் பெரிய வண்டிக்காரர் வேறு ஆளாகிவிட்டார். டீயை ஒரு வாய் குடித்து, எதிரே நின்ற தன் வண்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "இஞ்சின் நல்லா ஒழைக்கும்க்கா, பொய் சொல்லக் கூடாது. ஆனா மீட்டர்ல மஞ்ச லைட்டு எரிஞ்சா நம்ம மெக்கானிக்கு கைய வைக்க முடியாது. கம்பெனிக்குத்தான் கொண்டு போகணும். கம்ப்யூட்டர மாட்டிப் பாத்து, சென்சார் போச்சுன்னு சொல்லிப் பெரிய பில்லா நீட்டுவான்." சின்ன வண்டிக்காரரும் மனம் திறந்தார். சாமான் எங்கேயும் கிடைக்குமாம், மரத்தடி மெக்கானிக்கே பார்த்துவிடுவாராம். "ஆனா அம்புட்டுப் பாரமும் ஏத்துனா பின்னாடி ஸ்பிரிங்கு ஒக்காந்துரும்" என்றார்.

அதன்பிறகு டி. கல்லுப்பட்டி, மாட்டுத்தாவணி என்று எங்கே போனாலும் விசாரணை டீக்கடையில்தான். டீ குடித்துக் குடித்தே என் வயிறு எரிந்தது. எல்லாம் கேட்டு முடித்தபோது என் கணக்கிலும் பெரிய வண்டிதான் ஜெயித்தது. அது அதிகம் சுமக்கும், நீண்ட நாள் உழைக்கும்.

ஷோரூமில் டிரைவர் அதை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஹாரன் சத்தம் சரியில்லை என்றார். மறுநாள் கண்ணாடி சின்னது என்றார். அதற்கு மறுநாள் கலர் சரியில்லையாம். சொல்லிவிட்டு, "அத வாங்குனாலும் ஓட்டுறது நாந்தானக்கா?" என்று மறுபடியும் கேட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடை வாசலில், பழைய வண்டிக்குப் பக்கத்தில் நின்று கத்தினேன். "பொண்ணு பாக்கப் போன மாதிரி ஆயிரம் நொட்டை சொல்றியே தம்பி! ஒனக்குப் பிடிக்கலைன்னா சொல்லிரு, வேற டிரைவரைப் போட்டுக்கறேன்."

அவர் முகம் சுண்டிப்போனது. பழைய வண்டியை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "வாங்கக்கா, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார்.

அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் இருவரும் டீ குடித்திருந்தோம். என் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. அவர் பின்னால் ரோட்டைத் தாண்டினேன். அவர் இடது காலைத் தாங்கித் தாங்கி நடப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"எடது முட்டி தேஞ்சு போச்சுக்கா. டாக்டரும் சொல்லிட்டாரு. அந்தப் பெரிய வண்டி கிளட்ச மிதிச்சா உசுரு போகுது. ஒரு நா ஓட்டிருவேன், ரெண்டு நா ஓட்டிருவேன். சொன்னா வேற ஆளப் பாத்துருவீங்களோன்னு பயந்துதான்…" டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் ஊராகப் போய்க் கிளட்ச் பிளேட் எத்தனை வருடம் தாங்கும் என்று விசாரித்தவள், அதை மிதிக்கிற காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. போதாக்குறைக்கு, அவர் எதற்குப் பயந்தாரோ அதையே வாய்விட்டுச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை தனியாக ஷோரூமுக்குப் போனேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பெரிய வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறிக் கிளட்சை மிதித்தேன். இடுப்பு வரைக்கும் பலம் கொடுக்க வேண்டியிருந்தது. சின்ன வண்டியில் லேசாக அழுத்தியதும் இறங்கியது. "மேடம், நீங்களா ஓட்டப் போறீங்க?" என்று விற்பனையாளர் கேட்டார். இன்னும் இருபது தடவை மிதித்துப் பார்த்தேன். பிறகு சின்ன வண்டிக்கு முன்பணம் கட்டினேன். பெரிய கல்யாணம் வந்தால் அண்டாக்களை வாடகை வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். மார்க் குறைந்த வண்டியை எடுத்ததில் வாத்தியாருக்கு இன்றுவரை வருத்தம்தான்.

கடைக்கு வந்தபோது டிரைவர் பழைய வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். துணி அவர் கையிலேயே நின்றது.

"சின்னதாக்கா? அப்ப ஓட்டுறது…" என்று குரலைத் தாழ்த்தி, டீக்கடைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார்.

"எங்கயும் போக வேணாம், இங்கயே நில்லு" என்றேன். பழைய வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அதற்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்: "நீதான்யா ஓட்டப் போற!"