கழுத்தைப் பார்த்துக் கொடுத்த முன்பணம்

பர்மா சண்டைக்குப் போன என் அண்ணன் திரும்பவில்லை. பிணமும் வரவில்லை. ஏழெட்டு வருஷம் கழித்து, இறந்துவிட்டதாகக் கருதி மனைவிக்குப் பென்ஷன் கொடுக்கிறோம் என்று சர்க்கார் காகிதம் வந்தது. பணம் எப்போது வரும் என்று அதில் இல்லை.

அண்ணி தாலியைக் கழற்றவில்லை. களி கிளறினால் அண்ணனுக்கென்று ஓர் உருண்டையைச் சட்டியில் மூடி வைப்பார். மறுநாள் கரைத்துக் குடிக்கலாம். அன்றைக்கு யாரும் தொடக் கூடாது. மழை பொய்த்த வருஷம். இருபது வயதில் கூலி வேலை இல்லாமல் கிடந்த எனக்கு அதைப் பார்த்தாலே எரியும்.

அண்ணன் மகளுக்குக் காய்ச்சல் விடவில்லை. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகக் காசில்லை. ஓசூரில் ஒரு புளி மண்டிக்காரர் பென்ஷன் காகிதத்தை வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுப்பார். அண்ணியை நான்தான் கூட்டிப்போனேன்.

அவர் காகிதத்தைப் படித்துவிட்டு அண்ணியின் கழுத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, புருசன் செத்த பணத்துக்கு முன்பணம் கேக்குற. தாலி கெடக்குது. நாளைக்கு அவன் வந்து நின்னா எனக்கு யாரு பதில் சொல்றது?"

"வந்து நின்னா அவரே குடுத்துருவாருங்க."

மண்டிக்காரர் எடை போடுகிறவனிடம் திரும்பினார். "கேட்டியாடா, செத்தவன் வந்து கடன் கட்டறானாம்."

அவன் சிரித்தான். அண்ணி என்னைப் பார்த்தார்.

"கழட்டிடுங்க அண்ணி. புள்ளைக்காக" என்றேன். வேறு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

எங்களில் புருஷன் செத்தவளின் தாலியைக் கழற்ற ஊர்ப் பெண்கள் கூடுவார்கள், சேர்ந்து அழுவார்கள். அண்ணி புளி மூட்டைகளுக்குப் பின்னால் தனியாகப் போய்விட்டு வந்தார். மண்டிக்காரர் மறுபடி கழுத்தைப் பார்த்துவிட்டு முப்பது ரூபாய் கொடுத்தார்.

குழந்தை பிழைத்தது. மூன்றாவது வாரம் மணியார்டர் வந்தது. தபால்காரர் கைரேகை வாங்கினார், பணத்தைக் கொடுத்தார், போனார். அவர் கழுத்தைப் பார்க்கவே இல்லை.

மண்டிக்காரர் எடுத்தது போக மிச்சத்தில் கேழ்வரகு வாங்கினோம். அந்த மூன்று வாரமும் வெறும் கூழ்தான். அன்று அண்ணி களி கிளறினார். சட்டியை மூடி வைக்கவில்லை. என் தட்டில் இரண்டு உருண்டை விழுந்தது.

"எனக்கு ஒண்ணு போதும் அண்ணி."

"தின்னுப்பா. இனி யாருக்கு வெக்கறது."

தின்றேன். பசி.

இன்றும் களித் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் எதிரில் ஒருவன் பசியோடு உட்கார்ந்திருக்கிறான். நான் தலை நிமிர்வதில்லை.