சின்னத்துரையின் சில்லுக் கம்பிகள்

மோட்டார் சைக்கிள் சக்கரத்தை, எங்கள் பேச்சில் சொன்னால் சில்லை, கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. ஓடுகிற வண்டியில் அது அழகாகத்தான் இருக்கும். வெயில் பட்டால் வெள்ளி மாதிரி மின்னும். ஆனால் அந்தக் கம்பிகளைத் தனித்தனியாகத் துடைத்தவளுக்குத்தான் தெரியும், அதில் எத்தனை இடுக்கு, தண்ணீர் போய் ஒளிந்துகொள்ள எத்தனை மூலை என்று. கம்பியும் கம்பியும் குறுக்கே போகிற இடத்தில் ஒரு சொட்டு நிற்கும். கம்பி போய் வளையத்தில் மாட்டுகிற இடத்தில் ஒரு சொட்டு நிற்கும். நடுக் குடத்துக்குப் பக்கத்தில் எல்லாக் கம்பியும் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு இருக்கும். அங்கே பெரியவர்கள் விரல் போகாது. என் விரல் போகும். என் கெட்ட காலம் அதுதான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம். மழை இல்லாத நாளில் பனிமூட்டம் இருக்கும், பனிமூட்டம் இல்லாத நாளில் மழை இருக்கும். காயப்போட்ட துணி காய்வதற்குள் கிழிந்துவிடும் என்று அம்மா சொல்வாள். அப்படிப்பட்ட ஊரில் இரும்பைத் துருப்பிடிக்காமல் வைத்திரு என்று ஒரு மனிதருக்கு வேலை கொடுத்திருந்தார்கள். அந்த மனிதர் என் அப்பா.

அப்பா முன்பு கான் வெட்டியவர். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் ஓடுவதற்கு வெட்டுகிற வாய்க்காலைத்தான் கான் என்போம். ஒரு மழை நாளில் மேலேயிருந்து ஒரு கல் உருண்டு வந்து அவர் முழங்காலில் விழுந்தது. கால் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மடங்கவும் இல்லை. சமதரையில் விந்தி விந்தி நடப்பார், மலை ஏற முடியாது. மலை ஏறாதவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது? பேரை வெட்டிவிடுவார்கள். பேரை வெட்டினால் குடியிருக்கிற ஒற்றை அறையான லயத்துக் காம்பராவையும் விட்டுவிட்டு மூட்டை முடிச்சோடு கிளம்ப வேண்டியதுதான். அந்த நேரத்தில் பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியாக இருந்த சின்னத்துரை வெள்ளைக்காரர். மோட்டார் சைக்கிளில்தான் மலையைச் சுற்றுவார். அவர்தான் இரக்கப்பட்டு, பங்களாக் கொட்டகையில் நிற்கிற வண்டியைத் துடைத்துத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள் என்று அப்பாவுக்கு அந்த வேலையைக் கொடுத்தார். எங்களுக்கு அது சாமி கொடுத்த வேலை.

வேலையாட்களை மேய்க்கிற கணக்கப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், எல்லார் முன்னாலும் அப்பாவைப் பார்த்துச் சொல்வாராம். கொழுந்தெடுத்துவிட்டு சாயங்காலம் வருகிற அம்மா, அடுப்பை ஊதிக்கொண்டே அவரை மாதிரியே பேசிக் காட்டுவாள்.

"சேத்தக் கழுவ பங்களாத் தோட்டக்காரன் போதும்டா. துருவுக்குத்தான் ஒன்ன வச்சிருக்கு. என்னைக்குத் துரு நின்னுச்சோ அன்னைக்கு மம்பட்டிய எடுத்துக்கிட்டு மலைக்கு ஏறு. ஏற முடியலன்னா ஊரப் பாத்துப் போ."

சொல்லி முடித்துவிட்டு அம்மா அடுப்புக்குள் துப்புவாள். கணக்கப்பிள்ளை முகத்தில் துப்ப முடியாதே.

அப்பாவின் வேலை முறை இதுதான். துரை வந்து வண்டியை விட்டதும் சேற்றைக் கழுவ வேண்டும். காய்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியாக ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். அதற்கு மேல் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவ வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே கொட்டகைக்குப் போய், என் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு குடத்து இடுக்கில் நுழைக்க வேண்டும். கை விறைத்துப் போகும். எத்தனை முறை சாம்பல் போட்டுக் கழுவினாலும் மண்ணெண்ணெய் வாடை போகாது. சோற்றிலும் அந்த வாடை, தலையணையிலும் அந்த வாடை. பள்ளிக்கூடத்தில் எனக்கு மண்ணெண்ணெய் விளக்கின் பேரை, 'குப்பி லாம்பு' என்று வைத்துவிட்டார்கள். "தள்ளி ஒக்காரு, பத்திக்கும்" என்று பக்கத்தில் இருந்தவள் நகர்வாள். எனக்கு அப்போதே வாய் கிடையாது.

அம்மாவுக்கு வாய் உண்டு.

"புள்ள தலைக்கு வைக்க எண்ண இல்ல. தொர சில்லுக்கு எண்ணக் குளியலா? சீயக்காவும் கொண்டாரவா?"

"கத்தாத. தோட்டம் முழுக்கக் கேக்கும்" என்பார் அப்பா.

அந்த எண்ணெயாலும் வந்தது வினை. துரைமார் அரைக்கால் சட்டை போட்டு, முழங்கால் வரைக்கும் வெள்ளைக் காலுறை போடுவார்கள். சில்லு சுற்றச் சுற்ற எண்ணெய் தெறித்து, சின்னத்துரையின் காலுறை முழுக்க மஞ்சள் பொட்டு. பங்களா டோபி வெளுத்துப் பார்த்துவிட்டு, இதற்கு நான் ஆளில்லை என்று துரைசானியிடம் போய் நின்றுவிட்டான். சின்னத்துரை கொட்டகைக்கு வந்து காலைத் தூக்கிக் காட்டினார்.

"என்ன இது? சாக்ஸ் பாரு! எண்ணெய், எண்ணெய்! நான் என்ன, வடையா?"

அன்றோடு எண்ணெய் நின்றது. எண்ணெய் நின்றதும் துரு வந்தது. துரு வந்ததும் அதற்கும் கத்தினார். எண்ணெய் போட்டால் காலுறை கெடுகிறது, போடாவிட்டால் கம்பி கெடுகிறது. அப்பா என்னதான் செய்வார்? காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தார். என் விரலுக்கும் இரண்டு வேளை வேலை.

இந்த லட்சணத்தில் சரஸ்வதி பூசை வந்தது. தேயிலை அரைக்கிற ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே யந்திரங்களுக்குப் பூசை போடும்போது துரையின் மோட்டார் சைக்கிளையும் கொண்டுபோய் நிறுத்தி மாலை போடுவார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, முதல் நாள் சாயங்காலம் எங்கள் காம்பராவுக்கு வந்தாள். கோயில் குத்துவிளக்கைத் துலக்குகிறவள் அவள்தான். அந்தப் பெருமை அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் உண்டு.

"தம்பி, எங்கிட்ட விடு. புளிய வச்சு ஒரு தேய் தேய்ச்சா, ஒந்தொர மீசை மொதக்கொண்டு அதுல தெரியும்."

"ரசத்துக்கு வச்சிருக்கிற புளி அண்ணி அது" என்றாள் அம்மா.

"ரசத்த நாளைக்கு வையி. பூசை வருசத்துக்கு ஒரு தரந்தான்."

கொட்டகைக்குப் போய்ப் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்தோம். அத்தை ஒரு சில்லு, நானும் அப்பாவும் ஒரு சில்லு. உண்மையைச் சொல்ல வேண்டும், பளபள என்று வந்தது. பழைய கறை எல்லாம் போய், புதுக் கம்பி மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். மறுநாள் பூசையில் சந்தனப் பொட்டும் செவ்வந்தி மாலையுமாக வண்டி நின்றபோது, ஸ்டோர் ஆட்கள் எல்லாம் குனிந்து பார்த்தார்கள். சின்னத்துரை அப்பாவின் முதுகில் தட்டினார். அத்தை கூட்டத்தைப் பார்த்து நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே, சரஸ்வதிக்கே அவள்தான் படிப்பித்த மாதிரி.

அன்று இரவு பனி இறங்கியது. விடிந்து பார்த்தால் இரண்டு சில்லும் செக்கச் செவேல். பித்தளைக்குப் புளி வைத்தால் பளபளப்பு நிற்கும். இரும்புக்கு வைத்தால் அதன் மேல்தோலையே தின்றுவிட்டுப் போய்விடும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? கணக்கப்பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னடா, பூசைக் குங்குமத்தக் கம்பிக்கெல்லாம் அப்பிட்டியா?"

சின்னத்துரை சிரிக்கவில்லை. ஒரு விரலால் கம்பியை இழுத்து, சிவந்த விரலை அப்பாவின் முகத்துக்கு நேரே காட்டினார். "இன்னும் ஒரு தடவை இப்படி, நீ மலைக்குப் போ" என்றார்.

அத்தையிடம் போய் அம்மா சண்டை போட்டாள். அத்தை கொஞ்சமும் அசையவில்லை. "அந்த இரும்பு சரியில்ல. வெள்ளக்காரன் செஞ்ச இரும்பு" என்றாள். அப்பா அன்று சாப்பிடவில்லை. மடங்காத காலை நீட்டி வைத்துக்கொண்டு முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு சாம்பல், செங்கல் தூள், மண்ணெண்ணெய் என்று நாட்கணக்காகத் தேய்த்துத்தான் அந்தச் சிவப்பை எடுத்தோம். என் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. பக்கத்துக் காம்பராவில் வேதக்காரப் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைக் கொடுத்து, உருக்கி வெடிப்பில் தடவு என்றாள். அதைப் பாவாடையில் முடிந்துகொண்டு கொட்டகைக்குப் போனேன். அப்பா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். எனக்கு அந்தச் சில்லைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம். அதைக் கிறுக்கிப் பாழாக்க வேண்டும் போல, பின்சில்லின் உள்பக்கத்தில் சில கம்பிகளில் மெழுகுத் துண்டை வைத்துப் பரபரவென்று தேய்த்தேன். அப்புறம் பயம் வந்தது. பாவாடை நுனியால் அழுத்தித் துடைத்தேன். மெழுகு போய்விட்டது என்று நினைத்தேன்.

அடுத்து விடாமல் மழை. மற்றக் கம்பிகளில் வழக்கம்போலப் பழுப்புப் புள்ளி வந்தது. நான் கிறுக்கிய கம்பிகளில் வரவில்லை. சேம்பு இலையில் உருளுகிற மாதிரி தண்ணீர் உருண்டு விழுந்தது. இன்னும் சில நாள் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. துடைத்துவிட்டதால் வெளியே ஒன்றும் தெரியவும் இல்லை, காலுறையில் ஒட்டவும் இல்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இனிமேல் மண்ணெண்ணெய் இல்லை, குப்பி லாம்பு இல்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன்.

அப்பா குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். மோந்து பார்த்தார். என்னைப் பாராட்டுவார் என்று நின்றேன்.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லப்பா."

அவர் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தார். நான் மெழுகு தேய்த்த கம்பிகளாகப் பார்த்து, ஒன்று விடாமல் துடைத்து எடுத்தார். "மெழுகு வேணாந்தாயி. கம்பிக்கு ஆகாது" என்றார். ஆகாதா? ஆகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறார்!

அம்மாவாவது நியாயம் சொல்வாள் என்று ஓடினேன். அந்தச் சில்லைத் தினமும் சபிக்கிறவள் அவள்தானே. நான் சொல்லி முடிப்பதற்குள் முதுகில் ஓர் அடி விழுந்தது.

"வாயப் பொத்திக்கிட்டு அப்பா சொன்னபடி தொட. மெழுகு கிழுகுன்னு வெளிய ஒரு பேச்சு வந்துச்சு, தோல உரிச்சுருவேன்."

இரண்டு பேரும் சேர்ந்து கிறுக்குப் பிடித்துப் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். துரு வேண்டாம் என்று ஒரு வண்டியைத் தேய்க்கிறோம். துரு வராத வழி கையில் இருக்கிறது. அதைத் துடைத்து எறிந்துவிட்டு, மறுபடியும் துருவை வரவழைத்து மறுபடியும் தேய்க்கிறோம். இவர்களைப் பெற்றோராக வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

அந்த ஆத்திரம் ஆறுவதற்கு முன்னால், பள்ளிக்கூடம் போகிற வழியில் கணக்கப்பிள்ளை என்னை நிறுத்தினார். கோட்டுப் பையிலிருந்து ஒரு டொபி மிட்டாயை எடுத்து நீட்டினார். நான் வாங்காமல் நிற்க, கையில் வைத்து அழுத்தினார்.

"ஏ புள்ள, அப்பன்கூட வண்டி தொடைக்கிறது நீதான? ஒன்னு கேக்குறேன், சொல்லு. அந்தக் கம்பிக்கு எதையாச்சும் பூசி வச்சா துரு வராம நிக்குமா? தொர கேக்குறாரு. கெட்டிக்காரப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கும்."

கெட்டிக்காரப் புள்ளை! அந்தச் சொல்லை என்னைப் பார்த்து ஒருவரும் சொன்னதில்லை. முதுகில் விழுந்த அடியும் ஞாபகம் வந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் தொப்பியும் கைத்தடியுமாகக் குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நிக்கும் என்று சொன்னால், எதைப் பூசினாய், எப்படிப் பூசினாய் என்று நீளமாகப் பேச வேண்டும். இல்லை என்றால் ஒரு சொல்லோடு முடிந்துவிடும். என் கூச்சம் என்னைப் பிடித்து அமுக்கியது.

"இல்லீங்கையா. தெனமும் தொடைக்கணுங்க."

அவர் வெற்றிலையைப் பக்கத்துச் செடியில் துப்பினார். "அப்பன் மாதிரியே மண்ணு" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

அன்று சாயங்காலம் அம்மாவைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கணக்கப்பிள்ளை கேட்டதையும், நான் சொன்னதையும், சொல்ல நினைத்துச் சொல்லாமல் போனதையும் விக்கி விக்கிச் சொன்னேன். அம்மா கொழுந்துக் கூடையைக் கூட இறக்காமல் கேட்டாள். பிறகு மழை ஒழுகுகிற கம்பளியோடு அப்படியே என்னை இழுத்து அணைத்து, மண்ணெண்ணெய் வாடை அடிக்கிற என் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் விரல்கள் அவள் கண்ணீரில் நனைந்தன. நாலு வார்த்தை பேசத் தெரியாத பெண்ணைப் பெற்றுவிட்டோமே என்றுதான் அவளுக்கும் அழுகை வருகிறது என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் சத்தமாக அழுதேன்.