மதுக்கடைக்காரரின் ராஜ விசுவாசம்

நான் பிடிவாதக்காரி. எங்கள் வீட்டில் இதை யாரும் மறுக்கமாட்டார்கள். பிள்ளைகள் படித்து முடித்த பிறகு, பகலில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, மாலை வகுப்பில் வரலாறு படிக்கப் போனேன். அதைக்கூடச் சொந்தக்காரர் மன்னித்துவிட்டார்கள். எதைப் படித்தேன் என்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிலாந்தின் நகரங்களில், அரசனுக்கு விசுவாசமான ஊர்க்காரர்கள் சீர்திருத்தம் கேட்டவர்களை எப்படி எதிர்த்தார்கள் என்பது என் ஆய்வு. "உதைப் படிச்சு என்ன செய்யப்போறாய்?" என்று பிக்கரிங்கில் இருக்கும் அக்கா போன் எடுக்கும்போதெல்லாம் கேட்பாள்.

பிரான்சில் அரசனைக் கவிழ்த்த நேரம் அது. இங்கிலாந்தில் தையற்காரரும் சப்பாத்துத் தைப்பவரும் எங்களுக்கும் வாக்கு வேண்டும் என்று மதுக்கடைகளின் பின்னறைகளில் கூடிப் பேசினார்கள். அரசனுக்கு எதிராக மக்களின் உரிமையைப் பேசிய ஒரு புத்தகத்தை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். ஊர்ப் பெரியவர்களுக்குப் பயம் பிடித்தது. விசுவாசச் சங்கங்கள் அமைத்தார்கள். அந்தப் புத்தகத்தை எழுதியவரின் கொடும்பாவியைச் சந்தியில் வைத்துக் கொளுத்தினார்கள். மதுக்கடைக்காரர்களும் ஒன்றுசேர்ந்து, இப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் கடையில் இடமில்லை என்று அறிக்கை விட்டார்கள். சில கடைகளில் பலகையே எழுதித் தொங்கவிட்டார்கள். இந்தக் கடைக்காரர்கள் மனமார்ந்த ராஜ விசுவாசிகள் என்று என் மூன்றாம் அத்தியாயத்தில் அடித்து எழுதியிருந்தேன். அவர்களே கையெழுத்துப் போட்டு அப்படிச் சொல்லும்போது வேறென்ன எழுதுவது?

இதை ஸ்காபரோவில் குடியேறிய எங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை. வகுப்பில் ஏழெட்டுப் பேர் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவதில் என்ன இருக்கிறது? எங்கள் பிளாசாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணையிடம் பேச இடம் கேட்டேன். பின்னறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவருடைய மட்டன் ரோல்ஸில் மிளகு தூக்கலாக இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும், ஸ்காபரோவில் யாரும் ஒரு கடியில் அது அவருடைய கடை ரோல்ஸ் என்று சொல்லிவிடுவார்கள்.

'ராஜ விசுவாசிகளும் கலகக்காரரும்' என்று வட்ஸ்அப்பில் அறிவித்தல் போட்டேன். அங்கேதான் வில்லங்கம் பிடித்தது. எங்கள் ஊர்ச் சங்கத்தில் அப்போது இரண்டு அணி. நெடுங்காலமாகத் தலைவர் கதிரையை விட்டு எழும்பாதவர் ஒருபக்கம், தேர்தல் வைக்கச் சொல்லும் இளசுகள் மறுபக்கம். நான் கதை சொல்லுகிற சாட்டில் தலைவரைக் குத்தப்போகிறேன் என்று அவருடைய ஆட்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அந்த இங்கிலாந்து அரசன் செத்து இருநூறு வருடமாகிவிட்டது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டு நாளில் அண்ணை போன் எடுத்தார். வோஷ்ரூம் பைப் வெடித்துவிட்டதாம், பின்னறை முழுக்கத் தண்ணீராம். பரவாயில்லை என்று ஒரு விழா மண்டபத்துக்கு அலைந்தேன். முதலில் ஓம் என்றவர்கள், பிறகு அன்றைக்கு ஏதோ இன்ஸ்பெக்சன் என்றார்கள். டியூஷன் சென்டர் ஒன்றில் நிலத்துக்குப் பெயின்ட் அடிக்கப்போவதாகச் சொன்னார்கள். ஸ்காபரோவில் நான் பேசுவதாகச் சொன்ன இடமெல்லாம் ஒரே நேரத்தில் பழுதாகிப்போனது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அண்ணையின் கடைக்குப் போய் ஒரு தேத்தண்ணி சொன்னேன். குடித்துவிட்டு வோஷ்ரூமுக்குப் போனேன். பைப்பைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. மூடினேன், நின்றது. பின்னறையில் நிலம் காய்ந்து கிடந்தது. கல்லாவுக்கு நேரே போய் நின்றேன்.

"அண்ணை, பைப் நல்லாத்தான் ஓடுது."

அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். யார் போன் எடுத்தது, என்ன சொல்லி வெருட்டினார்கள் என்று கேட்டேன். அவர் சத்தத்தைக் குறைத்துச் சொன்னார்:

"ஆரும் வெருட்டேல்லைத் தங்கச்சி. கூட்டம் வைக்காதை எண்டும் சொல்லேல்லை. கேற்றறிங் ஓடர் எல்லாம் எப்பிடிப் போகுது அண்ணை எண்டு கேட்டவை. அவ்வளவுதான்."

சங்கத்து ஆட்களின் கல்யாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் சாப்பாடு அந்தக் கடையிலிருந்துதான் போகும். கண்டபடி பேசிவிடுவோம் என்று போனவள், தேத்தண்ணிக் காசை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர்மேல் இருந்த கோபம் அப்படியே என் மூன்றாம் அத்தியாயத்தின்மேல் திரும்பியது. மதுக்கடைக்கு வருடா வருடம் லைசென்ஸ் கொடுத்தவர்கள் நீதவான்கள். அதே நீதவான்கள்தான் விசுவாசச் சங்கங்களின் முன்வரிசையில் இருந்தார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை ஓர் அடிக்குறிப்பில் போட்டுவிட்டு, மேலே மனமார்ந்த விசுவாசம் என்று எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது. அன்று பின்னேரமே உட்கார்ந்து அத்தியாயத்தைப் பிரித்துப்போட்டுத் திரும்ப எழுதத் தொடங்கினேன்.

கூட்டத்தைக் கைவிடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. இனி எந்தக் கடைக்காரரையும் சங்கடப்படுத்துவதில்லை என்றும் முடிவெடுத்தேன். எங்கள் அப்பார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பார்ட்டி ரூம் இருக்கிறது. கட்டடத்தைப் பார்க்கிற சூப்பர் பிலிப்பீன்ஸ்காரர். அவருக்கு எங்கள் சங்கமும் தெரியாது, தலைவரும் தெரியாது. சிரித்துக்கொண்டே கதவுத் திறப்பைத் தந்தார்.

ஞாயிறு பின்னேரம் அறை பாதிக்கு மேல் நிறைந்தது. உதைப் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிற அக்காவும் வந்தாள், கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு. வாசலில் யாரோ தந்துவிட்டு நிற்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். உள்ளே சுடச்சுட மட்டன் ரோல்ஸ். பெட்டியின் மேலே கடைப் பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். பசை மட்டும் மிச்சமாக இருந்தது. பெட்டியை மேசையில் வைத்து, எல்லோரையும் எடுக்கச் சொன்னேன்.

எல்லோர் கையிலும் ரோல்ஸ் இருந்த நேரம், தலைவரின் வலதுகை என்று ஊரே சொல்லும் மனிதர் வந்தார். நான் என்ன பேசுகிறேன் என்று பார்க்க வந்திருப்பார். ஒரு ரோல் எடுத்துக் கடித்தார். மென்றுகொண்டே பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்ல ரோல்ஸ். ஆர் செய்தது?"

"நான்தான் செய்தனான்," என்றேன்.

நான் சமைக்கிற லட்சணம் அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியும். ரோல்ஸ் யாருடையது என்பது எல்லோருக்குமே தெரியும். என் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா மட்டும் அவரை நேரே பார்த்து, "ஓம், விடிய எழும்பி இருந்து செய்தவள்," என்றாள். ஒருவராவது சிரிக்கவேண்டுமே. இல்லை. அத்தனை பேரும் வாய் திறக்காமல் மென்றுகொண்டிருந்தார்கள்.

அவர் கடைசிக் கதிரையில் போய் உட்கார்ந்தார். நான் எழுந்து, மதுக்கடை வாசலில் தொங்கிய அந்தப் பலகையிலிருந்து பேச்சைத் தொடங்கினேன். பலகை மாட்டியவர் பின்கதவால் யாருக்கு என்ன கொடுத்தார் என்று எந்தப் பலகையும் சொல்லாது என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. அதை மட்டும் நான் அன்றைக்கு அவர் முன்னால் பேசவில்லை.