முன்கண்ணாடியில் ஒரு பொட்டு

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு வகை. ஆற்றிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணீர். வீட்டு போர்வெல்லில் ஏறுவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் குடிக்கவும் சோறு பொங்கவும். உப்புத் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும். தூத்துக்குடியில் பிறந்த பிள்ளை அ, ஆ படிக்கும் முன்பே இதைப் படித்துவிடும். இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாத ஒரே ஆள் எங்கள் மாமாதான். காரின் முன்கண்ணாடியை அவர் நல்ல தண்ணீரில் கழுவுவார்.

மாமா என்பவர் என் அப்பாவின் தங்கை வீட்டுக்காரர். துறைமுகச் சாலையில் கயிறும் பெயிண்டும் விற்கும் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. பத்து வயதில் நான் சாப்பிடவும் தூங்கவும்தான் எங்கள் வீட்டுக்குப் போவேன். மற்ற நேரமெல்லாம் அத்தை வீடு. அங்கே ஒரு வெள்ளைக் கார் நின்றது. வேறொருவர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற கார்தான். ஆனாலும் மாமா அதை நேற்றுப் பிறந்த பிள்ளை போல வைத்திருந்தார்.

அதிலும் அந்த முன்கண்ணாடி. எங்கள் ஊரில் ஒரு கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. விடிகாலையில் கடல் காற்று அதை ஈரமாக்கிவிட்டுப் போகும். அந்த ஈரத்தில் உப்பளத்துத் தூசியும் துறைமுகத்து நிலக்கரித் தூளும் வந்து உட்காரும். வெயில் ஏறியதும் எல்லாம் சேர்ந்து தோசைக்கல்லின் அடிக்கரி போலப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மாமா ஒரு முறை வைத்திருந்தார். உலர்ந்த துணி கண்ணாடியைத் தொடவே கூடாது. தொட்டால் உப்பும் மண்ணும் சேர்ந்து கீறிவிடும். முதலில் மூன்று செம்பு தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைக்க வேண்டும். பிறகு ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணி. மறுபடி தண்ணீர். கடைசியில் கசக்கிய செய்தித்தாள். வெளியே மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும், உள்ளே இடமிருந்து வலமாக. துடைத்து முடித்தபின் ஒரு கோடு தெரிந்தால் அது எந்தப் பக்கத்துக் கோடு என்று அதை வைத்தே சொல்லிவிடலாமாம். வைப்பரைத் தூக்கி நிறுத்தி அதன் ரப்பர் விளிம்பையும் ஈரத்துணியால் வழித்துவிடுவார். உப்புத் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும் என்பது அவர் வாதம். "குடிக்க வச்ச தண்ணிய ஒங்க மாமா காருக்குப் புகட்டுதாரு" என்று அத்தை என்னிடம் புகார் சொல்வாள்.

அந்த வருஷம் மாமா கடை ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டு, மூன்று மாதம் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான்காம் நாளே அத்தை டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அதுவரை எங்கே போக வேண்டுமென்றாலும் "கடைய அடைச்சிட்டு வாரேன், போவோம்" என்பார் மாமா. அவர் கடை அடைக்கும் நேரத்தில் ஊரில் வேறு எதுவும் திறந்திருக்காது. இருபது வருஷம் அப்படியே போயிருந்தது. லைசென்ஸ் கைக்கு வந்த அன்று சாயங்காலம் அத்தை என்னை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். அங்கே எங்களுக்கு எந்த வேலையும் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பினோம். வரும் வழியெல்லாம் அவள் தன்பாட்டில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அவளுக்கு இருந்த ஒரே தகராறு இடது பக்கம். ஓட்டுகிறவர் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்; இடது சக்கரம் எங்கே ஓடுகிறது என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. முதல் வாரத்திலேயே கேட் தூணில் உரசி, இடது கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு விழுந்தது. காலைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமா கதவைக் காட்டினார். "அண்ணாச்சி, எடது பக்கம்னு ஒண்ணு இருக்குன்னு இவளுக்கு நீங்களாவது சொல்லுங்க" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அத்தை காபித் தம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

ஒரு நாள் அந்தப் பேச்சு முற்றி, ஆறுமுகநேரியில் நடக்கவிருந்த சொந்தக்காரர் கல்யாணத்தில் வந்து நின்றது.

"நீயே ஓட்டு. புதுக் கீறல் இல்லாமப் போயிட்டு வந்துட்டன்னா சாவி ஒனக்கு. கீறல் விழுந்துச்சோ, கட்டுப் பிரிச்ச அன்னைக்கு எங்கைக்கு வந்துரணும்" என்றார் மாமா.

"சரி" என்றாள் அத்தை.

அத்தை ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. கடற்கரைச் சுண்டலும் அந்த வேண்டுதலில் அடக்கம்.

கல்யாணத்தன்று காலையில் மாமா வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். கால் முறிந்த நாளிலிருந்து கண்ணாடியின் வெளிப்பக்கத்தை நான்தான் கழுவிவந்தேன். உள்பக்கத்தை அவர் யாரிடமும் விடுவதில்லை. அந்தக் காலோடும் நொண்டிக்கொண்டு போய் முன்சீட்டில் உட்கார்ந்து தானே துடைப்பார். அன்று பட்டு வேட்டி கட்டியிருந்ததால் வேறு வழியில்லை. "ஏளா, உள்பக்கமும் நீயே தொடச்சிரு. எடமிருந்து வலம், ஞாபகம் இருக்கா?" என்றார். அதற்குள் யாரோ போனில் கூப்பிட, பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓட்டுகிறவர் சீட்டில் ஏறி மண்டியிட்டேன். கண்ணாடியின் அடிப்பக்கத்தில், ஸ்டீயரிங்குக்கு இடப்புறமாகத் தள்ளி, அரக்கு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. முகம் கழுவும்போது நெற்றிப் பொட்டை எடுத்துக் கை போன இடத்தில் ஒட்டிவிடுவது அத்தையின் வழக்கம். குளியலறைச் சுவர், பீரோக் கண்ணாடி, பிரிட்ஜ் கதவு எல்லாவற்றிலும் பொட்டு இருக்கும். கார் வரைக்கும் வந்துவிட்டாளே என்று நினைத்துக்கொண்டேன். ஈ உட்கார்ந்த தடத்தைக்கூட விடாத மாமாவின் கண்ணுக்கு இது தப்பிவிட்டதே என்பதில்தான் எனக்கு அவ்வளவு பெருமை. நகத்தால் சுரண்டினேன். பசை போகவில்லை. சமையலறைக்கு ஓடித் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தேய்த்தேன். எண்ணெய் போக ஷாம்புத் துணி, அதன் பிறகு செய்தித்தாள். கடைசியில் அங்கே கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஆக்கிவிட்டேன்.

மாமா பின்சீட்டில் காலை நீட்டிக் குறுக்காக உட்கார்ந்தார். நான் முன்னால். அத்தை பட்டுப் புடவையைச் சுருட்டிக்கொண்டு ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்தவள், கண்ணாடியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள்.

"இங்கன யாரு தொடச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நாந்தான்" என்றேன், பரிசு வாங்கப் போகிறவள் போல.

அவள் சாவியைத் திருகினாள். கார் நகர்ந்தது, கேட் தூணுக்கு நாலு விரற்கடையில் நின்றது. பின்னால் போய், மறுபடி வந்து, மறுபடி நின்றது. "தூணு நவுராதுளா, நீதான் நவுரணும்" என்றார் மாமா. ஒருவழியாக வெளியே வந்ததும் அத்தை தெருவோரச் சாக்கடையை ஒட்டிக் காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். இடது பக்கம் வந்து, சக்கரத்துக்கும் சாக்கடை விளிம்புக்கும் நடுவே குனிந்து பார்த்தாள். டயரில் காற்று இறங்கிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். திரும்பி வந்து சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலையை அசைக்காமல் சாக்கடை விளிம்பையே பார்த்தபடி நெற்றியிலிருந்த பொட்டை எடுத்தாள். அதைக் கண்ணாடியில் ஒட்டினாள். கொஞ்சம் தள்ளி மறுபடி ஒட்டினாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அத்த, இப்பத்தான தொடச்சேன்" என்றேன்.

"வாய மூடிட்டு வாளா" என்றாள். அவள் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்சீட்டிலிருந்து ஒரு கேலி வரும் என்று காத்திருந்தேன். மாமா ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளங்கள். எதிரே வந்த லாரிகள் இறைத்த தூளைக் கழுவ அத்தை இரண்டு தடவை பொத்தானை அமுக்கித் தண்ணீர் பீய்ச்சினாள். அதுவும் நல்ல தண்ணீர்தான். ஆற்றுப் பாலத்தில் பாதி போனபோது எதிரே ஒரு உப்பு லாரி ஏறியது. வலப்பக்கம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் லாரி. இடப்பக்கம் என் ஜன்னலில் பாலத்துச் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அத்தை வேகத்தைக் குறைத்தாள், நிறுத்தவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. பாலம் முடிந்து ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் தெரிந்தபிறகுதான் காருக்குள் மூன்று பேரும் மூச்சு விட்டோம்.

ஆனால் கண்டம் கல்யாண வீட்டு வாசலில் காத்திருந்தது. சந்தனத் தட்டோடு நின்ற மாமாவின் பெரியம்மா அத்தையை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னளா இது? கல்யாண வீட்டுக்கு வெறும் நெத்தியோட வந்து நிக்க? அவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில?"

பக்கத்தில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிவிட்டார்கள். அத்தையின் கை நெற்றிக்குப் போனது. அவள் மறந்தே போயிருந்தாள். முகம் செத்துவிட்டது. அவளுக்குப் பின்னால் கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு மாமா வந்து சேர்ந்தார்.

"அவளச் சொல்லாதீங்க பெரியம்மா. வழியெல்லாம் அவளுக்கு வேர்த்துக் கொட்டிச்சு. நாந்தான் துண்டால மொகத்தத் தொடச்சிவிட்டேன். பொட்டு துண்டோட போயிட்டு" என்றார்.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டிருந்தவர் முன்சீட்டில் கார் ஓட்டியவளின் முகத்தை எப்படித் துடைத்தார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல, அத்ததான் பொட்ட..." என்று வாயைத் திறந்தேன். தட்டிலிருந்த கல்கண்டில் பெரிய கட்டி ஒன்று என் வாய்க்குள் போய்விட்டது. திணித்தவர் மாமா. அத்தை குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

திரும்பி வந்ததும் மாமா கட்டைகளோடு காரைச் சுற்றி வந்து, இடது கதவைத் தடவிப் பார்த்தார். பழைய கோடுதான். சாவியை வாங்கிச் சமையலறை வாசல் ஆணியில் மாட்டினார். அதன் பிறகு அது அத்தையின் ஆணி. எங்களுக்கு எத்தனையோ சாயங்காலச் சுண்டல் கிடைத்தது.

அடுத்த நாள் மாமா வழக்கம்போல முன்சீட்டில் உட்கார்ந்து உள்பக்கத்தைத் துடைத்தார். நான் வெளியே நின்று பார்த்தேன். அந்தப் பொட்டு வந்ததும் துணியை மடக்கி, விரல் நுனியால் அதைச் சுற்றித் துடைத்துவிட்டு வலப்பக்கம் போய்விட்டார்.

"மாமா, அங்கன விட்டுட்டீங்க."

"அது அழுக்கு இல்லளா."

"அத்தைட்டச் சொல்லட்டா?"

"ஒண்ணுஞ் சொல்லாண்டாம். கல்கண்டு வேணுமா?"

கால் முறிந்ததில் மாமாவுக்குச் சுத்தமும் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகக் கண்ணாடி துடைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

இருபத்துநாலு வயதில் நான் கார் ஓட்டப் படித்தேன். முதல் நாளே, சொல்லித்தந்தவர் சிவப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்துக் கண்ணாடியின் அடிப்பக்கத்தில், ஸ்டீயரிங்குக்கு இடப்புறமாக ஒட்டினார். "ரோட்டு ஓரம் இந்தப் புள்ளிக்கு நேரா வந்துச்சுன்னா ஒங்க எடது வீலு ஓரத்த ஒட்டிப் போகுதுன்னு அர்த்தம். பழகுத வரைக்கும் இருக்கட்டும்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் அவர் கோபித்துக்கொண்டார். எனக்கோ கண்ணில் தண்ணீர். அத்தை யாருக்கும் தெரியாமல் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்த இடது பக்கத்தை, அவளுக்கு அது ரொம்பத் தேவைப்பட்ட காலையில், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறேன்.

மற்றது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. ஈ உட்கார்ந்த தடத்தை விடாத மனிதரின் கண்ணுக்கு ஒரு பொட்டு எப்படித் தப்பும்? கல்யாணத்துக்கு முன்பே, ஊரைக் கூட்டி அவளைக் கேலி செய்துகொண்டிருந்த அந்த நாட்களிலேயே, தினமும் அதைச் சுற்றித்தான் துடைத்திருக்கிறார். அன்று காலை அந்த வேலையை என்னிடம் விட்டதுதான் அவர் செய்த ஒரே பிசகு.

மாமாவுக்கு அந்தப் பொட்டின் சங்கதி தெரியவே தெரியாது என்றுதான் அத்தை இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாண வீட்டு வாசலில் அவர் சொன்ன பொய் பெரியம்மாவின் வாயை அடைக்கத்தான் என்பது அவள் கணக்கு. நானும் சொல்லவில்லை. கல்கண்டு தின்ற வாய் அல்லவா.