சித்தி சொன்ன படம்

எங்கள் சித்தி ஒரு பழைய ஆங்கில நாவலின் சினிமா டிவிடியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்கு எட்டு வயது. பாளையங்கோட்டைக் கல்லூரியில் அந்த நாவல் அவளுக்குப் பாடம். அக்கா தங்கைகள் மூன்று பேரும் அவர்களுடைய அப்பாவும் வருகிற கதை. எங்கள் வீட்டிலும் பெரியம்மா, அம்மா, சித்தி என்று மூன்று பேர், கூடவே தாத்தா. நம்ம கதை மாதிரியே இருக்கும் என்று ஆசை காட்டித்தான் சித்தி எல்லோரையும் டிவி முன்னால் உட்காரவைத்தாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்குக் கங்கைகொண்டானில் வேலை. சித்திக்கோ மேலே படிக்க ஹைதராபாத்தில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் தாத்தாவிடம் யாரும் நேராக எதையும் கேட்க மாட்டோம். மணிமுத்தாறு போய்க் குளிப்பதற்குக்கூட அம்மாவைத்தான் தூது அனுப்புவோம். இந்தத் தூதுக்கு மட்டும் அம்மா கையை விரித்துவிட்டாள்.

தாத்தா தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலப் பேப்பரை விளம்பரம்கூட விடாமல் படிப்பார். படத்தில் பேசுவதுதான் பிடிபடாது. வாய்க்குள்ளே முறுக்கை வச்சுக்கிட்டுப் பேசுதானுவ என்று சலித்துக்கொள்வார். ஆகவே சித்தி டிவிக்குப் பக்கத்தில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, வசனத்தைக் காதால் கேட்டே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். என் சித்தி போல உண்டா என்று எனக்கு ஒரே பெருமை.

பாதிப் படத்தில் கடைசித் தங்கையைக் கேட்டு ஒரு பணக்கார மாப்பிள்ளை வந்தான். அவள் அப்பாவின் அறைக்குள் போனாள். என் கை சும்மா இருக்குமா? ரிமோட்டில் எதையோ அமுக்கிவைத்தேன். படத்துக்கு அடியில் ஆங்கில எழுத்து ஓட ஆரம்பித்தது. சித்தி அதைப் பார்க்கவில்லை.

"அப்பா, எனக்கு இப்பம் கல்யாணம் வேண்டாம்ப்பா. ரெண்டு வருசம் படிச்சிட்டு வந்துருதேன். உங்ககிட்ட கேக்கப் பயமா இருக்குன்னு சொல்லுதா" என்றாள். அவள் குரல் நடுங்கியது. என்னமா நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தாத்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்தைப் பார்த்தார். அப்புறம் சித்தியைப் பார்த்தார். அப்புறம் என்னை. செத்தோம் என்று நினைத்தேன், ரிமோட்டை நோண்டினால் அடி விழுகிற வீடு அது. அவரோ குனிந்து என் காதில், "ஏட்டி, அந்த எழுத்தப் பைய எடுத்துரு" என்றார்.

மறுநாள் காலையில் தாத்தாவே போன் போட்டு வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார். பெரியம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவரே சித்தியை ஹைதராபாத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். எனக்கு அதிலெல்லாம் அக்கறையே இல்லை. எழுத்து படத்தை மறைக்கிறது என்று தாத்தா எடுக்கச் சொன்னார், அடி விழாமல் தப்பித்தேன், அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து, கல்லூரி விடுதியில் அதே படத்தைத் திரும்பப் பார்த்தேன். அந்தத் தங்கை அப்பாவைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குச் சம்மதம், சந்தோஷம் என்கிறாள். அரை நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. ஒரு குதிரை வண்டி மட்டும் நீளமான சாலையில் போய்க்கொண்டே இருக்கிறது.

அன்றைக்கு வீட்டில் அந்த வண்டி போய்க்கொண்டிருந்தபோதுதான் தாத்தா சித்தியைப் பார்த்துக் கேட்டார்: "அந்தப் பிள்ளை வேற என்ன சொல்லுதா? பயப்படாமச் சொல்லச் சொல்லு."