சாராள் அக்கா மறுபடி வாசித்த எட்டு நொடி

மார்ச்சில் முழுதாகப் பதிவுசெய்த ஒரு சொனாட்டாவின் எட்டு நொடியை மட்டும் சாராள் அக்கா ஜூனில் மறுபடி எதற்காக வாசித்தார்? எனக்கு விடை தெரியாது. மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். போன புதன்கிழமை காலை, நான் கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில், முதலமடையிலிருந்து அவருடைய பக்கத்துத் தோப்புக்காரர் கூப்பிட்டார். "டீச்சருங்களா? பியானோம்மா காலைல எந்திரிக்கவே இல்லீங்க" என்றார். கல்லூரிக்குப் போகாமல் முதலமடைக்குக் கிளம்பினேன்.

இதைப் படிக்கும் பலர் அக்காவை மேடையில் பார்த்திருப்பீர்கள். நான் அவரை அதிகம் அறிந்தது ஹெட்போன் வழியாகத்தான். கொல்லங்கோட்டில் வசித்து, கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். அவருடைய கடைசி சில ஆல்பங்களைப் பதிவுசெய்து தொகுத்தவள் என்பதே எனக்கு இங்கே எழுத இருக்கும் ஒரே தகுதி.

சின்னக்கானல் தேயிலை ஃபேக்டரித் தொழிலாளியின் மகள், எஸ்டேட் தேவாலயத்துப் பியானோவில் தொடங்கி, சென்னையிலும் ஐரோப்பாவிலும் படித்து, பல நாடுகளில் கச்சேரி செய்தார். இதைச் சொல்லும்போது எல்லோருக்கும் குரல் தழுதழுக்கும். அவருக்கு அது பிடிக்காது. கோயம்புத்தூர்க் கச்சேரி ஒன்றில் அறிமுகம் செய்தவர் "தேயிலைக் காட்டில் பூத்த அதிசயம்" என்றார். அக்கா மைக்கை வாங்கினார். "அதிசயம் ஒண்ணும் இல்லய்யா. தெனம் ஆறு மணி நேரம். ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறதால அஞ்சு."

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் சொந்த மலைக்குப் போகாமல் முதலமடையில் மாந்தோப்புகளுக்கு நடுவே வீடு வாங்கியதற்கும் உருக்கமான காரணம் எதுவும் இல்லை. "அங்க அடிக்கிற சாரலுக்கு என் முட்டியே வீங்கிப் போகும். பியானோ மரந்தானே, அது என்னத்தச் செய்யும்?" வறண்ட காற்று பியானோவுக்கு நல்லது என்று கணக்காக யோசித்து வந்தவர். மாம்பழ சீசனில் பக்கத்துத் தோப்பில் லாரிகள் வந்து போய்க்கொண்டிருக்கும். ஒருநாளும் லாரிக்காரர்களை நிறுத்தச் சொன்னதில்லை. எப்போது லோடு ஏற்றுவார்கள் என்று கேட்டு, மற்ற நேரத்தில் வாசித்தார்.

எங்களுக்குள் நடந்த ஒரே சண்டை, பதிவில் நான் போட்ட ஓர் ஒட்டைப் பற்றியது. இதற்கு முந்தைய ஆல்பத்தில், வேறொரு வருடத்து மார்ச் மாதப் பதிவில் ஓரிடத்தில் விரல் வழுக்கியிருந்தது. அந்த வருட ஜூன் பயிற்சி ஒன்றிலிருந்து அதே இடத்தை வெட்டி எடுத்து, சொல்லாமல் ஒட்டினேன். எல்லாத் தொகுப்பாளர்களும் செய்வதுதான். அக்கா கேட்டுக்கொண்டே வந்தவர் கையை உயர்த்தினார்.

"ஏட்டி, இந்த எடத்துல மழ பெஞ்சிருக்கே?"

"இல்லீங்க்கா, மார்ச்சுலதான் வாசிச்சீங்க."

"மார்ச்சுல பியானோப் பலகை இப்படி ஈரத்துல பேசாது. எங்கருந்து எடுத்த?"

ஒப்புக்கொண்டேன். ஆனால் விடவில்லை. கணினியில் சுருதியை அளந்து காட்டினேன். வித்தியாசம் மனிதக் காதுக்கு எட்டாத அளவு. "இது யாருக்குங்க கேக்கும்?" என்றேன். "எனக்குக் கேட்டுதுல்லா" என்றார். பிறகு சொன்னதை அன்றே எழுதிவைத்தேன்: "பிழை என்னுதுன்னா அது என் பேர்ல வெளிய போகட்டும். ஒட்டு உன்னுதுன்னா அட்டையில உன் பேரப் பெரிசாப் போடு." அந்த ஒட்டைப் பிரித்து, பிழையோடு அனுப்பினோம்.

இந்த வருடம் இடது கையின் நாலாம் விரல் விறைக்கத் தொடங்கியிருந்தது. கடைசி ஆல்பம் என்று அவருக்குத் தெரியும். மார்ச்சில் சொனாட்டா முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்தார். மூன்றாம் பகுதியில் ஒரு கீழ்ஸ்வரம் தவறியது. ஜூனில் ஒருநாள் என்னை அழைத்து, அந்தத் தவறு விழுந்த எட்டு நொடியை மட்டும் பிசகில்லாமல் வாசித்துவிட்டு, "எடுத்து வை" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. விரல் இன்னும் சொன்னபடி கேட்கிறதா என்று பார்த்தாரா? கடைசி ஆல்பம் சுத்தமாக இருக்கட்டும் என்று மனம் மாறினாரா? ஒலிப்பதிவு நிறுவனம் ஆல்பத்துக்குக் காத்திருந்தது. இரண்டில் எதை அனுப்புவது என்று சொல்ல அவர் இல்லை.

வெள்ளிக்கிழமை சின்னக்கானலில் அடக்கம் முடிந்து திரும்பியதும் இரண்டையும் கேட்டேன். ஒட்டிப் பார்த்தபோது இந்த முறை அந்த ஈரம் எனக்கே கேட்டது. ஜூன் வேறு மாதம்தான். அளவுகருவி இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரியாது; அவர் சொன்னது தெரியும். மார்ச் பதிவை அப்படியே அனுப்பினேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: கருவி காட்டாததைக் காது சொன்னால், காதிடம் மறுபடி கேட்கும் பழக்கம்.

மறுநாள் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. மூன்றாம் பகுதியில் ஒரு ஸ்வரம் தவறியிருக்கிறதே, திருத்தியது இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இருக்கிறது, தரமாட்டேன், தவறு அவருடையது என்று எழுதினேன். மாலையில் ஒரு வரி வந்தது: அப்படியே வெளியிடுகிறோம்.